மேளம் இல்லாத முகூர்த்தம்

நம் சடங்குகளை உளப்பகுப்பாய்வு வழியாக வாசிப்பது பேராசிரியை சுடர்விழியின் வேலை. கெட்டிமேளத்தைப் பற்றி அவள் எழுதிய கட்டுரை பலரைக் கோபப்படுத்தியது. தாலி ஏறும் நேரத்தில் அபசகுனமான சொல் காதில் விழக்கூடாது என்று மேளத்தை ஓங்கி அடிக்கிறோம். உண்மையில் நாம் பயப்படுவது நம்முடைய நனவிலி மனம் எதையாவது உளறிவிடுமோ என்றுதான், என்பது அவள் வாதம். அதைச் சோதித்துப் பார்க்கத் தன் கல்யாணத்திலேயே மேளம் வேண்டாமென்றாள். மாப்பிள்ளை அதியன் சிரித்துக்கொண்டே சம்மதித்தான். அம்மா வடிவாம்பாள்தான் கெஞ்சினாள்: "எவனாவது தும்மித் தொலைச்சா என்னடி பண்றது?"

முகூர்த்த நேரத்தில் தவில்காரர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மண்டபமே மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்க, அதியன் முதல் முடிச்சைப் போட்டான்.

"அப்பாடா, தொலைஞ்சா!"

கணீரென்று சொன்னது வடிவாம்பாள். சொன்ன வேகத்தில் இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். மண்டபம் வெடித்துச் சிரித்தது. சிரித்துக்கொண்டே மீதி முடிச்சுகளைப் போட்ட அதியன், "இதுக்கு என்ன அர்த்தம், மேடம்?" என்று காதருகே கேட்டான்.

வேறு யார் வாய் தவறியிருந்தாலும், நிம்மதியா, இழப்பா என்று பத்துப் பக்கம் எழுதியிருப்பாள். அம்மாவின் கண் கலங்கியிருப்பதைப் பார்த்ததும் சுடர்விழி மணவறையிலிருந்து இறங்கிப் போய் அவளைக் கட்டிக்கொண்டாள்.

"எங்கயும் தொலையலம்மா. நேத்துதான் வீடு முடிவாச்சு. உன் பக்கத்துத் தெருதான்."

"ஐயையோ," என்றாள் வடிவாம்பாள், முகமெல்லாம் மலர்ந்து, "அவ்வளவு கிட்டவா?"