தோற்றவரிடம் ஒரு கேள்வி

நோர்வேத் தேர்தலில் தூர்விக் தோற்ற அன்று, மங்கையற்கரசி டென்மார்க்கில், ஹ்விடோவ்ரே ஊரிலிருந்த தன் வீட்டில் சாமிப் படத்துக்குக் கற்பூரம் கொளுத்தினாள்.

"தூதரக அதிகாரி, எம்.பி., அமைச்சர் எண்டு அந்தாள் ஏற ஏற அழுதனீங்கள். இப்ப சந்தோசமோ?" என்றாள் மகள் சாரங்கி.

"ஓம்."

மூத்தவன் குகநேசன் போரின் கடைசி நாளில் சரணடைந்தவன். திரும்பவில்லை. சரணடைந்தவர்களின் பட்டியல் அப்போது இலங்கையில் பணியிலிருந்த தூர்விக்கின் கைக்குப் போனது. அந்தக் கோபம்தான் அம்மாவுக்கு என்று சாரங்கி நினைத்திருந்தாள்.

இரண்டு மாதம் கழித்து அவர் கோப்பன்ஹேகனில் ஒரு கூட்டத்தில் பேசினார். முடிந்ததும் மங்கையற்கரசி சாரங்கியோடு நேரே அவர் முன்னால் போய் நின்றாள்.

"அவரை ஏசிப்போடாதேங்கோ அம்மா," என்றாள் சாரங்கி.

"ஏச வரேல்லை. நான் சொல்லுறதை டேனிஷில சொல்லு. ஐயா, தங்கச்சியோட ஒஸ்லோவுக்கு வந்து உங்களைக் கேட்டனான். மகனுக்கு நடந்தது தெரியும், ஆனால் பதவியில இருக்குமட்டும் சொல்லேலாது எண்டனீங்கள். இப்ப பதவி இல்லை. சொல்லுங்கோ."

சாரங்கி டேனிஷில் சொல்லி முடித்தாள்.

தூர்விக் தலைகுனிந்தார். அவர் சொன்ன பதிலைக் கேட்டுச் சாரங்கி அம்மாவின் பக்கம் திரும்பினாள்.

"என்னவாம்?"

"இண்டைக்குக் காலமை அவரைத் தூதுவராப் போட்டிட்டினமாம்."

"எந்த நாட்டுக்கு?"

"இங்கதான் அம்மா. டென்மார்க்குக்கு."