சாக்கு சுற்றிய மெஷின்

‘மணி பத்தாகப் போகிறது. இனி மத்தியானம்வரை அந்த மெஷின்தான்’ என்று அடுக்களையில் நின்ற விஜயம் நினைத்துக்கொண்டாள். புது ரோட்டுக்காக வலியசாலைத் தெருமுனையில் பாறை துளைக்கிறார்கள். இரண்டு மாதமாகத் தெருவே காதைப் பொத்திக்கொண்டிருந்தது.

அன்று ஓவர்சியர் பூதலிங்கம் வந்து, லீவில் இருந்த அவள் கணவன் சேஷனிடம், “சாமி, மெஷின் காத்து விடுத வாயில சாக்கு சுத்தியிருக்கு. அம்மா அடுக்களையில நின்னு சாதாரணமாப் பேசட்டும். வாசல்ல நமக்குக் கேட்டா, சத்தம் குறைஞ்சாச்சுன்னு கணக்கு” என்றார்.

மெஷின் ஓடியது.

“ரசத்துக்குப் புளி போறாது” என்றாள் விஜயம்.

“கேக்கறதே! புளிகூடக் கேக்கறது!” என்று சேஷன் வாசலில் சிரித்தான்.

பூதலிங்கம் உள்ளே வந்து காகிதத்தையும் பேனாவையும் நீட்டினார். “சாக்கு இருந்தா வேலை மெதுவாத்தான் நடக்கும். வீட்டம்மாமாரு இதுதான் சௌகரியம்னு ஒப்புப் போட்டாத்தான் இன்ஜினீயர் சம்மதிப்பாரு.”

விஜயம் காகிதத்தையே பார்த்தாள். கல்யாணமான மூன்றாம் நாள், “பாட்டெல்லாம் வாசலுக்குக் கேக்கப்படாது” என்று சொல்லியிருந்தான் சேஷன். ஏழு வருஷம் வாய் திறக்காதவள், இந்த இரண்டு மாதமும் மெஷின் ஓடத் தொடங்கியதும் தொண்டை நிறையத் தோடி பாடிக்கொண்டிருந்தாள்.

“போடேன்டி” என்றான் பின்னாலேயே வந்த சேஷன்.

அவள் பேனாவை மெதுவாகத் திருப்பிக் கொடுத்தாள்.

“சத்தம் எனக்குத் தொந்தரவா இல்லை. நான் போடலை.”