பாதையில் காயும் நெல்

சாங்ஜு ஊருக்கு வெளியே, ஆற்றோரச் சைக்கிள் பாதையின் பாதி அகலத்துக்கு மால்சூன் அக்காவின் நெல் காய்கிறது. அக்கரை மலையில் மழை இறங்கிவிட்டது. நனைந்தால் குளிர்காலத்துச் சோறு முளைகட்டிப் போகும். அக்கா ஒற்றை ஆளாய் நீள்பிடி மரக்கட்டையால் நெல்லை வாரிக்கொண்டிருக்கிறாள். நானும் நண்பன் கியூஹோவும் சைக்கிள் மணியடித்துக்கொண்டே வந்து நிற்கிறோம். "மணியடிச்சா நெல்லு எந்திரிச்சு வழி விடுமாக்கும்? சாக்கைப் பிடிங்கப்பா!" கியூஹோ தலைக்கவசத்தைக் கழற்றி அதில் அள்ளுகிறான், அதன் துளைகள் வழியே பாதி நெல் ஒழுகுகிறது. "தம்பி, அள்ளத்தான் சொன்னேன், சலிக்கச் சொல்லல!" என்று சிரிக்கிறாள் அக்கா. மேகத்துக்கு அடியில் நுழைந்த மஞ்சள் வெயிலில் உமித்தூசி மினுங்கிச் சுழல்கிறது. மரக்கட்டை தார்ப்பாதையில் உரசும் ஓசை, நெல் சாக்குக்குள் சரியும் ஓசை, ஆற்றின் மேல் நெருங்கிவரும் இரைச்சல். கடைசிச் சாக்கையும் தார்ப்பாய்க்குள் தள்ளுகிறோம். முதல் துளி விழுகிறது. இனி நனைவதற்கு நாங்கள் மூவர் மட்டும்தான் பாக்கி.