அணைந்த சிக்னல்

ஹல்துமுல்லைக்குக் கீழே, தோட்டத்து ரோட்டுக்குத் திரும்பும் முடக்கில் மூடுபனி இன்னும் கலையவில்லை. இடப்பக்கம் திரும்பிய வேனில் மோதிய லோகேந்திரனின் மோட்டார் சைக்கிள் அதன் கதவோரம் சாய்ந்து கிடக்கிறது. பையிலிருந்த லீக்ஸ் மரக்கறி தாரெங்கும் சிதறியிருக்கிறது. முழங்காலில் ரத்தம் கசிய, அவன் வேனின் பின்புறத்தையே பார்த்துக்கொண்டு நிற்கிறான். இடது சிக்னல் மட்டும் மினுங்குகிறது. அவன் பின்னால் வந்த வழியெல்லாம் இரண்டு பக்கமும் சேர்ந்தல்லவா மினுங்கியது? பனி இறங்கினால் இந்தப் பக்கத்து வேன்காரர்கள் எல்லாரும் அப்படித்தான் போட்டுக்கொண்டு ஓடுகிறார்கள். நேரே போகிறதென்று நம்பித்தான் இடப்பக்கமாக முந்த நுழைந்தான். நுழைந்தது பிழைதான், அதை அவன் மறுக்கவில்லை.

“சிக்னல் போட்டுத்தானே தம்பி திருப்புனேன். பாருங்க, இன்னும் எரியுது. பொலிஸ் வரட்டும்,” என்கிறார் வேன்காரர் சவரிமுத்து. கூடி நிற்பவர்கள் தலையாட்டுகிறார்கள். லோகேந்திரன் நொண்டிக்கொண்டே போய், அணைந்திருக்கும் வலது சிக்னல் கண்ணாடியில் உள்ளங்கையை வைக்கிறான். பனியில் நனைந்து குளிர்ந்த வேனில் அந்த இடம் மட்டும் சூடாக இருக்கிறது. கையை எடுக்காமலே திரும்புகிறான். “அண்ணே, இங்க கொஞ்சம் தொட்டுப் பாருங்க. எரியாத பல்பு இப்படிச் சுடுமா?” சவரிமுத்து நின்ற இடத்தை விட்டு அசையவில்லை.