ஒன்றரை ஆள் இடம்

“நடுவுல வாங்கக்கா,” என்றான் சுற்றுலாப் பேருந்தின் வழிகாட்டி, அவளுடைய கைபேசியை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தபடி.

“வேணாம் தம்பி. இந்தப் பக்கம் அவருக்கு.”

இடிந்த கோட்டைச் சுவரின் முன்னால், தன் இடப்பக்கம் ஒன்றரை ஆள் நிற்கும் அளவுக்கு இடம் விட்டு அவள் நின்றாள்.

முந்தைய நாள் மணிக்கூண்டின் முன்னாலும் அப்படித்தான் நின்றாள். பெட்ரோல் பங்க் ஓரத்தில் யாரோ ஆசைப்பட்டுக் கட்டிவைத்த இரண்டு மாடி உயர சிமெண்ட் கெட்டிலின் முன்னாலும்.

முதல் நாள் மதியத்துக்குள் பேருந்து முழுக்கக் கண்ணைத் துடைத்துக்கொண்டது.

யாரும் அவளிடம் எதுவும் கேட்கவில்லை. கேட்காமலே, ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர் தன் ஜன்னல் இருக்கையை அவளுக்குக் கொடுத்துவிட்டார்.

கல்யாணமான இருபத்தாறு வருடத்தில் அவளுக்குக் கிடைத்த முதல் ஜன்னல் இருக்கை.

வாயைத் திறந்தால் அது போய்விடும். காற்று முகத்தில் அடிக்கும்போதெல்லாம், சொல்லிவிடலாம் என்று டீச்சர் பக்கம் திரும்புவாள். அதற்குள் அடுத்த வளைவில் ஓர் ஏரி வந்துவிடும்.

இப்போது கைபேசி வழிகாட்டியின் கையிலேயே மணியடித்தது.

திரையைப் பார்த்தவனின் முகம் வெளுத்தது. “அக்கா... வீட்டுக்காரர்னு வருது.”

டீச்சர் கோட்டைச் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

பதற்றத்தில் அவன் விரல் எங்கெங்கோ பட, ஸ்பீக்கரில் குரல் கணீரென்று கிளம்பியது.

“எனக்கு இடம் விட்டு நின்னியா? போன தடவை போட்டோல என்னை ஒட்டவைக்க இடம் பத்தலைன்னு ஸ்டூடியோக்காரன் திட்டினான். உன் தங்கச்சி புருஷன் வேற உத்து உத்துப் பார்ப்பான். அவன் மட்டும்தான் ஊர் சுத்துறானா? ஆமா, பஸ்ல காலை நீட்ட முடியுதா? நல்லவேளை, நான் வரலை.”

குரல் ஓயும்வரை அவள் தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு இடப்பக்கம் ஓர் அடி நகர்ந்தாள். இன்னும் கொஞ்சம். சரியாக நடுவில் நின்றாள்.

“இப்ப எடு தம்பி.”

பேருந்தில் ஏறியதும் யார் முகத்தையும் பார்க்காமல், ஜன்னலோரத்தில் இருந்த தன் பையை எடுக்கப் போனாள். டீச்சர் அந்தக் கையைப் பிடித்து நிறுத்தினார்.

“உக்காரும்மா. போயிட்டார்னு நெனச்சப்பவே குடுத்துட்டேன். இருக்கார்னு தெரிஞ்சப்புறம் எப்படித் திருப்பி வாங்குவேன்?”