வாயாடி வாகை

கோடையில் இலையெல்லாம் உதிர்ந்து, காய்ந்த நெற்றுகளோடு நின்றது வாகை மரம். லேசாகக் காற்று பட்டாலே போதும், சலசலவென்று பேசத் தொடங்கிவிடும். தன்னிடம் ஒரு பறவையாவது குடியிருக்க வேண்டும் என்பதுதான் அதன் ஏக்கம்.

கூடு கட்ட வந்த மணிப்புறா அரைநாள்கூடத் தாங்கவில்லை. "உங்க பேச்சுல வல்லூறு வர்ற சத்தம்கூட என் காதுல விழாது, அக்கா," என்று பக்கத்துப் புங்கைக்குப் போய்விட்டது.

மறுநாள் ஒரு மைனா வந்து வாகையின் பொந்தை எட்டிப் பார்த்தது.

"நான் ஓயாம பேசுவேன். அப்புறம் குறை சொல்லாதே," என்றது வாகை.

"பேசுங்க அக்கா! போன வருஷம் என் குஞ்சுங்க பசியில கத்தினதைக் கேட்டுத்தான் வல்லூறு வந்துச்சு."

அதுவரை வாகையைப் பேசச் சொன்னவர் யாருமில்லை.

குஞ்சுகள் பொரிந்தன. ஒரு நண்பகலில் வல்லூறு வட்டமிட்டது. பொந்துக்குள் நான்கு வாய்களும் பசியில் அலறின. நல்லவேளையாகக் காற்று எழுந்தது. வாகை, தான் முளைவிட்ட நாளிலிருந்து தன் கதையை ஒன்றுவிடாமல் சொல்லத் தொடங்கியது.

குஞ்சுகளின் குரல் காதில் விழாமல் வல்லூறு போய்விட்டது. அதன் பிறகும் வாகை நிறுத்தவில்லை. மைனாவும் நிறுத்தச் சொல்லவில்லை.