அம்மா பேசாத வாரம்

“மூத்தவர் வந்தாச்சு, இவரும் வந்தாச்சு, அத்தை இருக்காங்க, நானும் இருக்கேன். இனி யாரும் வர வேண்டியதில்லை. பேசுங்க” என்றாள் சின்னவனின் மனைவி.

அண்ணன் வாசலைப் பார்த்தான், தம்பி தரையைப் பார்த்தான்.

அப்பா ஆரம்பித்த சோபாப் பட்டறை அது. பெரியவன் மரச்சட்டம் அடிப்பான்; சின்னவன் மெத்தை வைத்துத் துணி தைப்பான். அப்பா போன பிறகு ஏதோ ஒரு சொல் தடித்து, அண்ணனும் தம்பியும் நேருக்கு நேர் பேசி வருடக்கணக்காகிறது. அங்கே சொன்னதை இங்கே, இங்கே சொன்னதை அங்கே என்று அம்மாதான் நடந்துகொண்டிருந்தாள்.

போன வாரம் அவள் குரல் போய்விட்டது. டாக்டரிடம் கூட்டிப் போய் வந்த சின்ன மருமகள், “வாயே திறக்கக் கூடாதாம்” என்றாள். அதிலிருந்து சட்டம் ஒரு அளவு, மெத்தை ஒரு அளவு. செய்த சோபாவெல்லாம் திரும்பி வந்தன. பிரிந்துவிடலாம் என்கிறான் சின்னவன்; அதைப் பேசத்தான் கூடியிருந்தார்கள்.

அப்பா பெயர் எழுதிய பலகையை இரண்டாக அறுப்பதா? பெரியவனுக்கு மனசு வரவில்லை. ஆனாலும் முதுகை நிமிர்த்திக்கொண்டான்.

“அம்மா, அவன்கிட்ட கேளு…”

அம்மா தொண்டையைத் தொட்டுக் காட்டித் தலையை ஆட்டினாள்.

வேறு வழியில்லாமல் சுவரைப் பார்த்துச் சொன்னான். “பிரியறவன் என் முட்டிவலிக்கு எதுக்குடா தைலம் கொடுத்து விடணும்?”

“தைலமா? நான் எப்ப கொடுத்தேன்?”

“அம்மாகிட்ட கொடுத்தியே.”

“இல்லையே. நீங்கதான் என் பொண்ணு பாஸானதுக்குப் பேனா வாங்கிக் கொடுத்தீங்க.”

அவள் பரீட்சை எழுதியதே பெரியவனுக்குத் தெரியாது.

“அதை விடுங்க. என் தையல் அப்பா கை மாதிரியே இருக்குன்னு சொன்னீங்களாமே. அந்த ஒரு வார்த்தைக்குத்தான் பல்லைக் கடிச்சுக்கிட்டு இத்தனை நாள் இருந்தேன்.”

“நாய் குதறின மாதிரி இருக்குன்னுல்ல சொன்னேன்” என்று பெரியவனுக்கு வாய் தவறி வந்துவிட்டது. சமாளிக்கப் பார்த்தான். “நீகூடத்தான், அண்ணன் அடிச்ச சட்டம் யானை உக்காந்தாலும் அசையாதுன்னு பெருமையாச் சொன்னியாம்.”

“நானா?” சின்னவன் தலையைச் சொறிந்தான். “மரமண்டைக்கு மரம்தான் லாயக்குன்னு சொன்னேன்.”

மருமகள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

பெரியவன் குழம்பினான். அப்படியானால் தைலம் கொடுத்து, மெச்சிப் பேசி, இத்தனை வருடமாக இந்தப் பட்டறையில் இருந்த அந்தத் தம்பி யார்? எதிரே இருக்கும் இவனைப் பெரியவனுக்குத் தெரியவே தெரியாதே. அம்மாவைப் பார்த்தான். அவள் ஜன்னலுக்கு வெளியே ஏதோ ஒரு காக்கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“மரமண்டையா நான்?” என்றான் கடைசியில், தம்பியின் முகத்தைப் பார்த்து. “சரிடா. அந்த மூணு பேர் சோபாவுக்கு உள்ளகலம் என்ன வேணும்? அதையாவது வாயைத் திறந்து சொல்லித் தொலை.”

“அஞ்சரை அடி. இதை முன்னாடியே கேட்டிருக்கலாம்ல?”

“கேட்டுக்கிட்டுதானே இருந்தேன், அம்மாகிட்ட.”

பட்டறை பிரியவில்லை. அம்மாவுக்குத் தொண்டையில் பெரிய வியாதி, அதில் பயந்துபோய்த்தான் மகன்கள் ஒன்று சேர்ந்தார்கள் என்று தெருவில் இன்றும் ஒரு பேச்சு உண்டு. அது சுத்தப் பொய். அவள் தொண்டையில் ஒரு குறையும் இல்லை. குரல் போன அன்று மாமியாரும் மருமகளும் போனது டாக்டரிடம் அல்ல, சினிமாவுக்கு.